கீழ்க் கேட்டின் மரத்தை இறக்கிக் கட்டியது குறித்து

1973ஆம் வருடம் அக்டோபர் மாதம் மூன்றாம் தேதி புதன்கிழமை மாலை, மலைக் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்க, நிலைய எழுத்தர் எழுதிக்கொள்ள, நான் சொல்வது:

என் பெயர் அம்மாக்கண்ணு. கணவர் பெயர் வேடியப்பன். வயது முப்பது என்று எழுதிக்கொள்ளலாம், நான் பிறந்த வருடத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. ஜவ்வாது மலை ஈச்சங்காட்டூர் கிராமத்தில் ஒரு பெண் குழந்தையுடன் குடியிருக்கிறேன். நாங்கள் மலையாளிகள் என்கிற இந்த மலைச் சாதி, சாமையும் கேழ்வரகும் போட்டுப் பிழைக்கிறவர்கள். எனக்குப் படிப்பு இல்லை. சந்திரோதயா காபி எஸ்டேட்டின் கீழ்க் கேட்டில் காவலுக்கு நிற்கிறேன். அந்த வேலை என்னுடையது இல்லை, என் கணவருடையது. அது அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இன்று நடந்ததெல்லாம் நடந்தது.

கீழ்க் கேட் என்பது ஆலங்காயத்திலிருந்து ஏறி வரும் மண்சாலை எஸ்டேட்டுக்குள் நுழைகிற இடம். சாலைக்குக் குறுக்கே ஒரு நீண்ட மரம் இருக்கும். அதன் ஒரு நுனியில் பாரத்துக்குக் கருங்கல்லும் மறு நுனியில் கயிறும் கட்டியிருக்கும். கயிற்றை அவிழ்த்தால் கல்லின் பாரத்தில் மரம் தானே மேலே ஏறும், இழுத்து முளையில் கட்டினால் சாலை அடைபடும். லாரி வந்தால் சீட்டை வாங்கிக்கொண்டு மரத்தை ஏற்றுவதும், போன பிறகு இறக்குவதும், ஊர் மாடுகள் காபிச் செடிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதும்தான் வேலை.

என் கணவர் எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலையில் இருந்தார். அப்போது இருந்த பழைய மேனேஜர் பட்டாளத்திலிருந்து வந்தவர், அவர்தான் என் கணவரை டி.ஏ. பட்டாளத்தில் சேரச் சொன்னவர். டி.ஏ. பட்டாளம் என்றால், இருக்கிற வேலையில் இருந்தபடியே வருடத்துக்கு ஒரு முறை பயிற்சிக்குப் போய்வருவது, சண்டை வந்தால் சர்க்கார் கூப்பிட்டுக்கொள்வது. "போய்ட்டு வா வேடியப்பா, நீ வர்ற வரைக்கும் உன் எடம் அப்படியே இருக்கும், அதுக்குச் சட்டமே கீது" என்று பழைய மேனேஜர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை. காட்டுப் பன்றி விரட்டுகிற ஆளுக்கு எல்லையில் என்ன வேலை என்று வீட்டில் என் கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பட்டாளத்தில் கொடுத்த பூட்ஸைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

அதன் பிறகு 1971ஆம் வருடம் ஐப்பசி மாதம் சர்க்காரிடமிருந்து அழைப்பு வந்து அவர் புறப்பட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் கைக்குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கைமாற்று வேலை என்று ஒரு வழக்கம் உண்டு. என் கொல்லையில் களையெடுக்க இன்றைக்கு உங்கள் வீட்டு ஆள் வந்தால், நாளைக்கு உங்கள் கொல்லைக்கு என் வீட்டு ஆள் வர வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆள் என்பதுதான் பேச்சு. புருஷன் ஊரில் இல்லையென்றால் பெண்சாதி போய் நிற்பாள், அவன் வந்ததும் விலகிக்கொள்வாள். அந்த மாதிரி நினைத்துத்தான் போனேன். பழைய மேனேஜர் வந்து பார்த்து, "இன்னாம்மா, நீயா?" என்றார். "என் வூட்டு வேலைங்க ஐயா. அவரு வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் மரத்தையும் பார்த்துவிட்டு, மரத்தை ஒரு தடவை ஏற்றி இறக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். சரி என்று போய்விட்டார். கூலி மட்டும் பெண்கூலியாகப் போட்டார்கள். அன்றைக்கு அதற்காக நான் சண்டை போடவில்லை, போட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்படியே நின்றேன். மழைக் காலத்தில் கயிறு ஊறி உள்ளங்கை உரிந்துபோகும், விளக்கெண்ணெய் தடவிக்கொள்வேன். குழந்தை கேட்டுக்குப் பக்கத்தில் காவலுக்குப் போட்டிருக்கிற தகரக் கொட்டகையில்தான் நடக்கப் பழகினாள். சண்டை முடிந்துவிட்டது என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள், ஆனால் அவர் வரவில்லை, இன்னும் வேலை இருக்கிறது என்று பட்டாளத்தில் வைத்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில் பழைய மேனேஜர் வேலையை விட்டுப் போய், பஞ்சாட்சரம் என்பவர் மேனேஜராக வந்தார். அவர் அடிவாரத்து ஆள். என்னிடம் கெட்ட வார்த்தை எதுவும் பேசியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு இந்த வருடம் ஆடி மாதம் என் கணவர் திரும்பி வந்தார். நான் கேட்டிலிருந்து வீட்டுக்குப் போகும்போது ஊருக்கு வெளியே கொல்லை மேட்டில் யாரோ நிற்பது தெரிந்தது. நான் ஓடினேன். அவர் இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக்கொண்டு, "மே, கிட்ட வராத. எனக்குக் கைகட்டு" என்றார். அவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டுதான் இரண்டு பேரும் அழுதோம்.

கைகட்டு என்பது இதுதான். சொந்தக்காரர் அல்லாதவரின் பிணத்தைத் தூக்கின கை, எங்கள் ஊர் வழக்கப்படி அடுத்த சாமை அறுப்பு வரைக்கும் அடுப்பையும் தானியத்தையும் வேலைக் கருவியையும் தொடக்கூடாது. புதுச் சாமை அறுத்து சாமிக்குப் படைத்து, ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் அதில் ஒரு பிடி எடுத்து அந்தக் கையில் வைத்தால்தான் கை திறக்கும். அதுவரைக்கும் அந்த ஆள் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். ஊரில் எப்போதாவது ஒருவருக்கு இப்படி வரும், மரத்திலிருந்து விழுந்த வெளியூர் ஆளைத் தூக்கினவர் என்று. என் கணவருக்குப் பட்டாளத்தில் கொடுத்த வேலையே அதுதான். வங்காளத்துப் பக்கம் ஒரு ரயில் நிலையத்தில் வண்டியிலிருந்து காயம்பட்டவர்களை இறக்குவது, இறந்தவர்களையும் இறக்குவது. துப்பாக்கியைச் சுடவேயில்லை என்றார். "தூக்கும்போது சில பேரு சூடாவே இருப்பாங்க மே" என்று ஒரு நாள் சொன்னார்.

அவர் கொல்லை மேட்டுக் குடிசையில் தங்கினார். காலையில் வேலைக்குப் போகும்போதும் சாயங்காலம் வரும்போதும் களியை இலையில் வைத்துப் பாறைமேல் வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன், அவர் வந்து எடுத்துக்கொள்வார். குழந்தை தூரத்தில் நின்று அவரிடம் தன் பாவாடையைக் காட்டுவாள், வாலறுந்த ஓணானைக் காட்டுவாள். அவரும் அங்கிருந்தே நன்றாக இருக்கிறது என்பார். இது எனக்கு வருத்தமாக இருந்தாலும், சாமை விளைந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். அவருடைய இடத்தில் நான்தான் நிற்கிறேனே, அது எங்கே போய்விடும் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

என் கணவர் வந்துவிட்டார் என்று மேனேஜரிடம் சந்தோஷமாகப் போய்ச் சொன்னதே நான்தான். அறுப்பு முடிந்ததும் வேலைக்கு வந்துவிடுவார் என்றும் சொன்னேன். அவர் ஆவணி முடிவில் என்னைக் கூப்பிட்டு, வந்த ஆள் இத்தனை நாளாக வேலைக்கு வரவில்லை, அதனால் அவனுக்கு வேலை வேண்டாம் என்றுதான் அர்த்தம், மேலிடத்துக்கும் அப்படியே எழுதிவிட்டேன் என்றார். நான் கைகட்டு விஷயத்தை எடுத்துச் சொன்னேன். "இன்னாம்மா பேசற? சண்டைக்கே போய்ட்டு வந்தவன் இந்தக் கம்பைத் தொட்டா தீட்டாயிடுமா? இத நான் மெட்ராஸ் ஆபீசுக்கு எழுதினா சிரிப்பாங்க" என்றார். சரி, அறுப்பு வரைக்கும் நான் நிற்கிறேனே என்றேன். நீ எங்கள் ஆளே இல்லை, பழையவர் இரக்கப்பட்டு நிற்க வைத்தார், புரட்டாசி பாதியிலிருந்து சேட்டு நிற்பான் என்றார். சேட்டு என்பவன் மேனேஜரின் மைத்துனன்.

எனக்கு வந்த கோபத்தை எழுத வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாளிடம் விட்டுவிட்டு, மறுநாள் காலையில் ஆலங்காயத்துக்கு இறங்கி பஸ் ஏறி, வாணியம்பாடியில் மாறி வேலூருக்குப் போனேன். அதற்கு முன் நான் வேலூரைப் பார்த்ததில்லை. பட்டாளத்தார் ஆபீஸ் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். அங்கே லட்சுமணன் என்று ஒரு எழுத்தர், அவரும் பட்டாளத்தில் இருந்தவர், ஒரு கால் விந்தி நடப்பார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

சட்டம் இருக்கிறது என்று அவரும் சொன்னார். சர்க்கார் கூப்பிட்டு டி.ஏ. பட்டாளத்துக்குப் போன ஆள் திரும்பி வந்தால், முன்பு வேலை கொடுத்தவர் அந்த வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், மாட்டேன் என்றால் மேலே மனுப் போடலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. அதன் பிறகுதான் மற்றதைச் சொன்னார். "ஆனா ஒண்ணும்மா. அவரே போயி நின்னு, நான் வந்துட்டேன், வேலையக் குடுங்கன்னு கேக்கணும். நீ போயி கேட்டது செல்லாது. அவரு கேட்டாரு, இவங்க இல்லன்னாங்கன்னு சாட்சி வேணும். உங்க ஊரு ஆளுங்க சாட்சி சொன்னா, எல்லாம் ஒரே சொந்தம்னு தள்ளிடுவாங்க. சர்க்கார் ஆளு யாராச்சும் பாத்திருந்தா அசைக்க முடியாது." நாள் கடத்தக் கூடாது, கடத்தினால் சட்டமும் கைகொடுக்காது என்றும் சொன்னார். போலீஸ் சர்க்கார் ஆள்தானே என்று கேட்டேன். போலீஸை விடப் பெரிய சர்க்கார் ஆள் யார் இருக்கிறார்கள் என்று சிரித்தார்.

அதன் பிறகு நான் நேராக இந்தக் காவல் நிலையத்துக்குத்தான் வந்தேன். வாசலில் நின்ற காவலரிடம், என் புருஷன் வேலை கேட்கும்போது யாராவது ஒருவர் வந்து பார்த்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். கைகலப்பு ஏதாவது நடந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் போலீஸ் எதற்கு வரும் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு என் கணவரிடம் போய், அறுப்புக்குக் காத்திருக்க முடியாது, கேட்டுக்கு வந்து நில் என்றேன். மாட்டேன், வேலையைக் கேட்டால் உடனே மரத்தைப் பிடி என்பார்கள் என்றார். "கை தெறக்காம நான் அந்த மரத்தத் தொட்டு, நாளைக்கு அதுல யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா? நீ தெனமும் நிக்கற எடம் மே அது. கொழந்த வெளயாடற எடம்" என்றார். "அப்ப அந்த எடமே போவுது, போவட்டுமா?" என்று கேட்டேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம், அவரைப் பார்த்தால் பாவம், இரண்டும் ஒன்றாக வந்தது. களியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊர்க்கவுண்டர் கோபால்சாமி எனக்கு மாமன் முறை. அவரிடம் போய்க் கேட்டேன். சாமை இன்னும் முற்றவில்லை, முற்றாததைச் சாமிக்கு எப்படிப் படைப்பது என்றார். சாமை முற்றுவதற்குள் வேலை போய்விடும் மாமா என்றேன். அவருக்கும் வருத்தம்தான், அவருக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் அப்படிச் செய்ததில்லை, அவர் என்ன செய்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் சேட்டு கேட்டுக்கு வந்து, நாளைக்கு நான்தான் நிற்கப்போகிறேன், மேனேஜர் சொல்லச் சொன்னார் என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கும் கஷ்டமாத்தான் கீதுக்கா. ஆனா எனக்கும் ஒரு வேலை வேணும்ல" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இன்று காலையில் நான் வழக்கத்தை விட முன்னதாகவே போய், கேட்டின் மரத்தை இறக்கி, கயிற்றை முளையில் கட்டி, கொட்டகையில் கிடந்த இரும்புச் சங்கிலியையும் சுற்றிப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, சாலை நடுவில் உட்கார்ந்தேன். சேட்டு வந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினான். அதன் பிறகு கீழேயிருந்து உர மூட்டை ஏற்றிய எஸ்டேட் லாரி வந்தது. டிரைவர் கண்ணாயிரம் இறங்கி வந்து, "யக்கா, இன்னாக்கா இது? காலங்காத்தால சாமி வந்துடுச்சா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் லாரியை அணைத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார். தனக்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதச் சொன்னார், எழுதிக்கொள்ளவும். நடந்து போகிறவர்களையும் தலைச்சுமைக்காரர்களையும் ஆடு மாடுகளையும் நான் நிறுத்தவில்லை. அம்மை ஊசி போடுகிற அம்மாவின் ஜீப் வந்தபோது பூட்டைத் திறந்து அனுப்பிவிட்டுத் திரும்பப் பூட்டினேன்.

அதன் பிறகு மேனேஜர் வந்தார். சாவியைக் கொடு என்றார். என் புருஷனுக்கு அவர் வேலையைக் கொடுங்கள், சாவியை அவரிடம் கொடுக்கிறேன் என்றேன். அவன் எங்கே, அவன் வரவே இல்லையே என்றார். வருவார் என்றேன். "போலீசக் கூப்டுவேன்மா, அப்புறம் என்னச் சொல்லாத" என்றார். "கூப்டுங்க ஐயா. மொதல்ல கூப்டுங்க" என்றேன். அவருக்கு நான் பயப்படவில்லை என்று கோபம் வந்தது. எஸ்டேட் ஜீப்பை நிலையத்துக்கு அனுப்பினார். போலீஸ் வர வேண்டும் என்றுதான் நான் மரத்தைக் கட்டினேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நான் நடந்து வந்து கூப்பிட்டபோது வராத போலீஸ், லாரி நின்றால் வரும் என்று நினைத்தேன். வந்தது.

பகல் சாப்பாட்டு வேளைக்குச் சப்-இன்ஸ்பெக்டர் ஐயாவும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். அதற்குள் ஊர்ச் சனம் வந்து கூடிவிட்டது, ஊர்க்கவுண்டரும் வந்தார். என் கணவருக்கு வெள்ளையம்மாள் போய்ச் சொல்லியிருக்கிறாள், அவரும் வந்து எல்லோருக்கும் பின்னால் தள்ளி நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் ஐயா என்னைத் திறக்கச் சொன்னார். "இந்தக் கேட்டுக்கு ஆளு நான் இல்லீங்க ஐயா. ஆளு அங்க நிக்குறாரு. அவரு தெறப்பாரு" என்று கையைக் காட்டினேன். ஐயா அவரைக் கூப்பிட்டு யார் என்று கேட்டார். என் கணவர் முன்னால் வந்து, உடம்பை விறைத்து நின்று, பட்டாளத்தில் கொடுத்த நம்பரையும் பெயரையும் சொன்னார். கைகள் மட்டும் பின்னால் இருந்தன. நீ வேலைக்கு வந்திருக்கிறாயா என்று ஐயா கேட்டார். அவர் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். "பாத்தீங்களா சார், அவனுக்கே வேணாம்" என்று மேனேஜர் சொன்னார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மேனேஜரை விட்டுவிட்டு ஊர்க்கவுண்டரைப் பார்த்துக் கத்தினேன். "மாமா, அவரு தூக்கினது யார் வூட்டுப் பிள்ளைங்க? அந்தந்த வூட்ல அம்மா அப்பன் தூக்க முடியாம எங்கியோ ஒக்காந்து அழுதுனு இருந்தாங்க. அவங்களுக்குப் பதிலா இவரு தூக்குனாரு. இதுவும் கைமாத்துதான். நம்ம ஊரு வழக்கம்தான். இதுக்கு அவரு கையக் கட்டி வச்சா, நாளைக்கு நம்ம பிள்ளை எங்கனா வுழுந்தா எவன் தூக்குவான்?" என்று கேட்டேன். பெரியவரை அப்படிக் கேட்டது தப்பு. ஆனாலும் கேட்டேன், திரும்பக் கேட்கச் சொன்னாலும் கேட்பேன்.

ஊர்க்கவுண்டர் சாலையை விட்டு இறங்கிப் பக்கத்திலிருந்த கொல்லைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அங்கே குனிந்து சாமைக் கதிரைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்தார். பால் பிடித்த பச்சைக் கதிர், மணி இன்னும் கட்டவில்லை. அதையே கொத்தாகப் பறித்துக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமி மலைப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே வந்து என் கணவர் முன்னால் நின்று கையை நீட்டச் சொன்னார். அவர் நீட்டவில்லை. "மாமா, இது பச்ச" என்றார். "எனக்குத் தெரியாதா? குத்தம்னா அது என்னோட போவட்டும். கைய நீட்டு" என்றார் கவுண்டர். என் கணவர் நீட்டினார். கதிரை அந்தக் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டு, "கை தெறந்துடுச்சி. வேலைக்குப் போ" என்றார்.

என் கணவர் அந்தக் கதிரை மூக்கருகே கொண்டு போய் முகர்ந்தார். அதன் பிறகு அழுதார். சின்ன அழுகை இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், கண்ணாயிரம் பீடியைக் கீழே போட்டார். நான் முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்து அவரிடம் கொடுத்தேன், இந்த இரண்டு வருடத்தில் நான் அவர் கையைத் தொட்டது அப்போதுதான். அவர் பூட்டைத் திறந்து, சங்கிலியை எடுத்து, கயிற்றை அவிழ்த்தார். மரம் மேலே ஏறியது. லாரி போயிற்று.

அதன் பிறகு என் கணவர் மேனேஜர் முன்னால் போய் நின்று, "ஐயா, சர்க்கார் கூப்ட்டாங்க, போனேன். திரும்பி வந்துட்டேன். என் வேலையக் குடுங்க" என்று கேட்டார். இதே வார்த்தை. மேனேஜர், நான் வேலை கொடுக்கவில்லை, மேலிடத்தைக் கேட்காமல் கொடுக்கவும் முடியாது, சேட்டுவுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் கணவரைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துச் சொன்னார். அவருக்கும் ஒரு மேலிடம் இருக்கிறது, அவர் பயம் அவருக்கு. ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்று இனி அவர் சொல்ல முடியாது. அதன் பிறகு, வழியை மறித்ததாக எஸ்டேட் தரப்பில் புகார் இருப்பதால் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள், வந்தேன். என் கணவர் வரவில்லை. அவர் கேட்டில் நிற்கிறார். வேலை தரவில்லை என்று மேனேஜர் சொன்ன பிறகும் நிற்கிறார். சேட்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கும் களி கொடுக்கச் சொல்லி வெள்ளையம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் இதுவரை சொன்னதை எழுத்தர் ஐயா சுருக்கி எழுதி முதலில் ஒரு தடவை படித்துக் காட்டினார். மரத்தைக் கட்டியது இருந்தது. சங்கிலி போட்டது, லாரி நின்றது, மேனேஜரிடம் எதிர்த்துப் பேசியது, எல்லாம் இருந்தது. என் கணவர் வந்து நின்று வேலை கேட்டது இல்லை. அது இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது, அதனால் விட்டுவிட்டேன் என்றார். அது இல்லாமல் விரலை மையில் வைக்க மாட்டேன் என்றேன். இராத்திரி முழுக்க இங்கேயே உட்கார வேண்டி வரும் என்றார். கேட்டில் உட்கார்ந்து பழக்கம் என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் ஐயா, "அந்தம்மா சொன்ன மாதிரியே பூராவும் எழுதுய்யா. நான் அங்கதான இருந்தேன்" என்றார். அதனால் மறுபடி முதலிலிருந்து எழுதப்பட்டது.

அதில் எழுதியிருப்பதாவது: 1973ஆம் வருடம் அக்டோபர் மாதம் மூன்றாம் தேதி பகலில், சந்திரோதயா எஸ்டேட் கீழ்க் கேட்டில், சர்க்கார் அழைப்பின்பேரில் ராணுவப் பணிக்குப் போய்த் திரும்பிய வேடியப்பன், தன் வேலையைத் திரும்பத் தரும்படி மேனேஜர் பஞ்சாட்சரத்திடம் நேரில் கேட்டார், மேனேஜர் அதைக் காதால் கேட்டு மறுத்தார், சப்-இன்ஸ்பெக்டர் அப்போது பக்கத்தில் இருந்தார்.

இந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னேன், படித்தார்கள். இதன் நகல் வேலூர் ஆபீசுக்கு வேண்டும் என்று கேட்டேன், முறைப்படி எழுதிக் கேட்டால் கிடைக்கும் என்றார்கள். மரத்தைக் கட்டி வழியை மறித்தது நான்தான், என்னை யாரும் தூண்டவில்லை, அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். மற்றபடி இதில் உள்ள அத்தனையும் நான் என் வாயால் சொன்னது, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, பொய் கிடையாது. இப்போது ரேகை வைக்கிறேன்.

அம்மாக்கண்ணு, இடது கைப் பெருவிரல் ரேகை

நான் உடனிருந்தேன், கண்ணால் பார்த்தேன்.
(ஒப்பம்) சப்-இன்ஸ்பெக்டர்